படிவத்தில் இல்லாத கட்டம்

பாவாயிக் கண்ணுக்கு,

இப்படி நான் உன்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஊரையே கண்ணு என்றும் சாமி என்றும் கூப்பிட்டவள் நீ. டிவியில் அப்படிப் பேசக் கூடாது என்று தடுத்தவள் நான். "கேட்கிறவர்கள் நேயர்கள், பாவாயி. உன் பேரப்பிள்ளைகள் இல்லை" என்றேன். இன்று அந்தச் சொல்லை எழுதும்போது இரவல் நகை போட்டுக்கொண்டது போலக் கூச்சமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

முருகேசன் வந்திருந்தான். செம்மேட்டு வியாபாரிகள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதில் நம் கேபிள் காலைச் செய்தியின் வரலாற்றை நான் எழுதித் தர வேண்டுமாம். "ஆரம்பிச்சதும் நீங்க, முடிச்சதும் நீங்க. உங்களை உட்டா வேற யாருங்கம்மா எழுதறது?" என்றான். முடித்தது நான்தான், அதில் சந்தேகமில்லை. ஆரம்பித்தது யார் என்பது அவனுக்கும் தெரியும். என் முகத்துக்காகச் சொன்னான்.

இரண்டு தாள் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. இரண்டாம் தாளின் அடியில், 'செய்தி சேகரிப்பில் உதவியவர்கள்' என்ற வரியில் உன் பெயர் இருந்தது. படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. கிழித்துப் போட்டேன்.

அதனால் வரலாற்றை உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

தொண்ணூற்றேழில் முருகேசன் முதல்முறையாக என் வாசலில் வந்து நின்றபோது அவன் சட்டைப்பையில் ஒரு டெஸ்டர் மட்டும் இருந்தது. சேந்தமங்கலத்துக்காரன். ரேடியோ ரிப்பேர் செய்வான், கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பான். மலைக்குக் கேபிள் கொண்டுவரப் போகிறேன், டிஷ் வைக்க உங்கள் மொட்டைமாடி வேண்டும், மெஷின் வைக்கக் காப்பிக்கொட்டைக் கொட்டகை வேண்டும் என்றான். என் கணவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொள் என்றேன். சில்வர் ஓக் மரத்துக்கு மரம் அவன் வயர் இழுத்தான். குரங்குகள் அதில் ஊஞ்சலாடின.

அந்தக் காலத்தில் செம்மேட்டுக்குச் செய்தித்தாள் உன் டீக்கடைதான். பஸ் ஸ்டாண்டில் நீ அடுப்புப் பற்ற வைக்கும்போதே ஆட்கள் வந்து நிற்பார்கள். முதல் பஸ் ஏறிவிட்டதா, எந்த வளைவில் நிற்கிறது, ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்ததா, யார் வீட்டில் என்ன. டிரைவர்களும் கண்டக்டர்களும் கீழேயிருந்து கொண்டுவருகிற சேதியெல்லாம் உன் கையில்தான் வந்து சேரும். முருகேசனுக்கு யோசனை தோன்றியது அங்கேதான், உன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு. எனக்கு அல்ல.

"அக்கா, இங்க சொல்றதை அப்படியே கேமரா முன்னாடி வந்து சொல்லு. ஊடு ஊட்டுக்குப் போவும்."

"ஏன்டா, காலங்காத்தால என் மூஞ்சியைப் பாத்தா ஊட்டுல வெச்ச பாலு திரிஞ்சு போயிராதா?"

மறுநாள் காலை ஆறரை மணிக்கு என் தேக்கு நாற்காலியில், என் கொட்டகையில், கையில் டீ டம்ளரோடு நீ உட்கார்ந்தாய். எந்தச் சேனலும் ஓடாத ஒரு நம்பரில் அது போயிற்று. "ஏனுங்க, எல்லாரும் எந்திரிச்சாச்சுங்களா? எந்திரிக்காதவங்களை எழுப்பி உடுங்க. முதல் பஸ்ஸு முப்பத்தேழாவது வளைவுல டயரு வெடிச்சு நிக்குதுங்க. டிரைவரு நல்லாருக்காரு. கண்டக்டருக்குத்தான் கோவம்."

அவ்வளவுதான். அதுதான் ஆரம்பம்.

காணாமல் போன ஆட்டைப் பற்றி நீ சொன்னதை இன்றைக்கும் இங்கே சொல்லிச் சிரிக்கிறார்கள். "செவலை ஆடுங்க, ஒரு காது மடிஞ்சிருக்கும். புடிச்சு வெச்சிருக்கறவங்க குழம்பு வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லி உடுங்க சாமி." அன்று மத்தியானமே ஆடு திரும்பி வந்தது. யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று நீ கடைசிவரை சொல்லவில்லை.

நான் கொட்டகையின் மூலையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தேன். கான்வென்ட்டில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் அல்லவா? கையில் நோட்டு, மடியில் கைக்கடிகாரம். ஊடு என்றாள், வீடு என்றிருக்க வேண்டும். வாரேன் என்றாள். ஒன்றரை நிமிஷம் அதிகம் பேசினாள். நடுவில் டீ குடித்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் உனக்கு வாசித்துக் காட்டுவேன். நீ தலையாட்டிக் கேட்பாய். "நாளைக்குச் சரியாச் சொல்லீர்றேனுங்கம்மா" என்பாய். மறுநாள் அதே ஊடு, அதே வாரேன், அதே டம்ளர்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ என் பேச்சுக்கு இறங்கி வரவே இல்லை. சாவுச் செய்தி.

கீழேயிருந்து ஒரு சாவுச் சேதி வந்தால் நீ உடனே டிவியில் சொல்ல மாட்டாய். செத்தவருக்கு இந்த மலையில் யார் யார் சொந்தம் என்று முதலில் விசாரிப்பாய். கூடப் பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவாய். ஆள் கிடைக்காவிட்டால் கடையைப் போட்டது போட்டபடி நீயே நடப்பாய். அவர்களுக்கு நேரில் சொன்ன பிறகுதான் ஊருக்கு. "ஒரு வயித்துல பொறந்தவங்க பொட்டியைப் பாத்துத் தெரிஞ்சுக்கப்படாதுங்கம்மா. சொல்றவங்க பக்கத்துல நின்னு கையைப் புடிச்சுக்கோணும்" என்பாய். சில நாள் அதற்காகச் செய்தி மறுநாளைக்குத் தள்ளிப்போகும். எனக்கு எரிச்சலாக வரும். பழைய செய்தியை யாராவது செய்தி என்பார்களா என்று கேட்டேன். "செத்தவரு நாளைக்கும் செத்தவருதானுங்களே" என்றாய்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம் என் பள்ளித்தோழி சேலத்திலிருந்து வந்து நான்கு நாள் தங்கினாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். காலையில் காப்பி குடித்துக்கொண்டே அவள் உன்னைப் பார்த்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "என்ன கமலம், உங்க ஊர் நியூஸ் ரீடர் டம்ளரை உறிஞ்சிட்டே சாவுச் சேதி சொல்றா? இதை நடத்தறது நீன்னு வேற சொன்னே!"

ஆமாம். நடத்துவது நான் என்று நான்தான் அவளுக்குக் கடிதத்தில் எழுதியிருந்தேன்.

அன்று உன்னைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லத் தைரியமில்லை. அதனால் முருகேசனிடம், பாவாயிக்குத் தொண்டை சரியில்லை, ஒரு வாரம் நான் வாசிக்கிறேன் என்றேன். மறுநாள் டிவியிலும் அதையே சொன்னேன். நல்ல தமிழில், தெளிவான உச்சரிப்பில், ஒரு முழுப் பொய்.

மக்கள் நம்பினார்கள். அன்று மத்தியானத்துக்குள் உன் கடைக்கு மலைத்தேன் வந்தது, மிளகு வந்தது, தூதுவளை வந்தது, யாரோ ஒருத்தி ரசமே வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். நீ கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தாய். டீ கேட்டவர்களிடம் சைகையில் பேசினாய். என்னைப் பார்த்ததும் துண்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாய். ஒரு வாரம் அந்தத் துண்டை நீ அவிழ்க்கவில்லை, பாவாயி. என் பொய் அவிழ்ந்துவிடக் கூடாது என்று.

ஒரு வாரம் நான்கு வருஷம் ஆயிற்று. நாற்காலியைத் திரும்பக் கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. நீ கேட்கவில்லை. தினமும் ஆறு மணிக்குக் கொட்டகைக்கு வந்து, கீழேயிருந்து வந்த சேதியையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டு, யாருக்கு நேரில் ஆள் போக வேண்டுமோ அதைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய்விடுவாய். நான் பட்டுப் புடவையில் உட்கார்ந்து வாசிப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாரப் பத்திரிகைக்காரர் மலையேறி வந்தார். 'மலையில் ஒரு செய்தி அம்மையார்' என்று என் படத்தோடு போட்டார். இந்த நிகழ்ச்சியை எப்படித் தொடங்கினீர்கள் என்று அவர் கேட்டபோது, "கணவரை இழந்த தனிமையில் சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது" என்றேன். அதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தவள் நீ. அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினேன்.

பிறகு படிவம். உன் சேதிகள் எனக்கு நீளமாக இருந்தன. செத்தவர் இன்னாருக்கு மாமன், இன்னாருக்குப் பங்காளி, இன்னார் வீட்டில் பெண் எடுத்தவர் என்று நீ சொல்லி முடிப்பதற்குள் மணி ஆறரை ஆகிவிடும். அதனால் நாமக்கல்லில் ஒரு படிவம் அச்சடித்து பஸ்காரர்களிடம் கொடுத்தேன். பெயர், இனிஷியல், வயது, ஊர், அடக்கம் நடக்கும் நேரம். ஐந்து கட்டம். கீழே யாராவது இறந்தால் அதை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டும். உறவு பேர் சொல்லி எழுதக் கூடாது, முழுப்பெயர்தான் எழுத வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பும் போட்டேன்.

நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "யாருக்குச் சொந்தம்னு எழுத இதுல எடமே இல்லீங்களேம்மா?"

"அது செய்தி இல்லை, பாவாயி."

ஒரு படிவத்தை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இனி எழுதப் போவதை எழுதாமல் விட முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அன்று உனக்குக் காய்ச்சல். கடை திறக்கவில்லை, கொட்டகைக்கும் வரவில்லை. ஆறே காலுக்கு டிரைவர் என் வாசலில் வந்து ஒரு படிவத்தை நீட்டினார். "சேந்தமங்கலத்துல பஸ்ஸை எடுக்கறப்ப ஒருத்தர் ஓடியாந்து குடுத்தாருங்கம்மா. பாவாயி அக்கா கையில குடுக்கச் சொன்னாரு."

எல்லாச் சீட்டும் உன் கையில்தானே கொடுக்கிறார்கள். எனக்கு அது எப்போதுமே கொஞ்சம் உறுத்தும். "அவளுக்கு உடம்பு சரியில்லை. இங்கே கொடுங்கள், வாசிப்பது நான்தானே" என்று வாங்கிக்கொண்டேன்.

ஐந்து கட்டமும் ஒழுங்காக நிரப்பியிருந்தது. மா. ரங்கசாமி, வயது நாற்பத்திரண்டு, முள்ளுக்குறிச்சி. ரங்கசாமியா ரெங்கசாமியா என்று எழுத்து கொஞ்சம் குழப்பியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ரங்கசாமிதான். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

முருகேசன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "முள்ளுக்குறிச்சின்னு போட்டிருக்குதுங்கம்மா. அக்கா பொறந்த ஊராச்சே. ஓடிப்போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரட்டுங்களா?"

"முள்ளுக்குறிச்சியில் ஒரே ஒருவர்தான் இருக்கிறாரா, முருகேசா? மணி ஆறு இருபத்தெட்டு."

அவன் கேமராவைப் போட்டான். நான் வணக்கம் சொல்லும்போதே கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினான். ஒழுங்கு கெட்டவன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வாசித்தேன். முதலில் சாவுச் செய்தி, அதுதான் நான் வைத்த வரிசை. பிறகு மின்தடை, பிறகு மண்ணெண்ணெய், பிறகு பலாப்பழ விலை. எங்கும் தடுமாறவில்லை. சரியாக ஏழு மணிக்கு முடித்தேன்.

நிமிர்ந்தபோது முருகேசன் வாசற்படியில் நின்றிருந்தான். உள்ளே வரவில்லை.

"அது அக்காவோட தம்பிங்கம்மா."

"எந்தத் தம்பி?"

"அக்காவுக்கு ஒரே தம்பிதானுங்களே. மாசாமாசம் உங்களுக்கு வாழைத்தாரு தூக்கிட்டு வந்து போடுவாருங்களே, அவருதானுங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள டிவியில வந்துருச்சுங்க."

ஆறு வருஷம், பாவாயி. ஆறு வருஷம் அவர் என் பின்கட்டு வரை வந்து தாரை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா குடுத்து உட்டுச்சுங்க" என்று சொல்லிப் போவார். நான் அவரை 'பாவாயி தம்பி' என்றுதான் சொல்வேன். அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இனிஷியலில் புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற நான், அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பழகிவிட்டு, உன் வீட்டுக்குள் போய், உன் முகத்துக்கு நேராக வாசித்தேன்.

உன்னிடம் நேரில் சொல்ல அடுத்த பஸ்ஸில் ஒரு ஆளும் வந்துகொண்டிருந்தாராம். உன் கையைப் பிடித்துக்கொள்வதற்கு.

நான் உடனே ஓடி வரவில்லை. புடவை மாற்றினேன். தலை சீவினேன். என்ன சொல்வது என்று வாக்கியம் தேடினேன். உன் வீட்டுக்கு வந்தபோது பூட்டியிருந்தது. காய்ச்சலோடு உன் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டாய் என்றார்கள். அடுத்த பஸ் பிடித்து முள்ளுக்குறிச்சிக்கு வந்திருக்கலாம். வரவில்லை. வீட்டுக்குப் போய் இரங்கல் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். 'தங்கள் சகோதரரின் மறைவு அறிந்து ஆழ்ந்த வருத்தம் அடைந்தேன்.' அறிந்து! அறிவித்தவள் நான்.

கருமாதி முடிந்து நீ திரும்பி வந்து கடை திறந்த அன்று, வேறு வழியில்லாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ டீ ஆற்றிக்கொண்டே பேசினாய். என்னைக் குத்துவதற்காகப் பேசவில்லை. அது எனக்குத் தெரியும். குத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சுத்தமா வாசிச்சீங்கம்மா. என் தம்பி பேரை அத்தனை அழகா யாருமே சொன்னதில்லீங்க. ஊட்டுல நாங்க எல்லாரும் ரங்கா, ரங்கான்னுதான் கூப்புடறது. அதனால எனக்கு மொதல்ல வெளங்கலைங்க. யாரோ பாவம், சின்ன வயசுன்னு செல்விகிட்டச் சொன்னேன். சொல்லிட்டு டம்ளரைக்கூட எடுத்தேனுங்க. அப்பறந்தான்..."

டம்ளரை என் முன்னால் வைத்தாய்.

நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "காய்ச்சல் இப்போது விட்டுவிட்டதா?" என்றேன். இவ்வளவு படித்தவளுக்கு அதுதான் வாயில் வந்தது.

அதற்குப் பிறகு நீ கொட்டகைக்கு வரவில்லை. சண்டை போடவுமில்லை, தெருவில் பார்த்தால் சிரிப்பாய். ஆனால் செய்தி நின்றுபோயிற்று. டிரைவர்கள் என்னிடம் படிவத்தை மட்டும் நீட்டினார்கள், வாயைத் திறக்கவில்லை. எந்த வளைவில் எந்த பஸ் நிற்கிறது, யாருடைய ஆடு, எதுவும் எனக்கு வரவில்லை. அவர்கள் செய்தியைச் சொன்னது உன்னிடம். என்னிடம் அல்ல, டிவியிடமும் அல்ல. இது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. மின்தடை நேரத்தையும் மார்க்கெட் விலையையும் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பெரிய கேபிள்காரர்கள் வந்தார்கள், முருகேசன் வயரை அவர்களிடம் கொடுத்துவிட்டான். கடைசி நாள் நான் நன்றி சொல்லி முடித்தேன். மறுநாள் யாரும் வந்து ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை.

வரலாறு இவ்வளவுதான். மலருக்கு இது போதும். ஆனால் உனக்கு இன்னொரு சேதி சொல்ல வேண்டும். நீ போன பிறகு நடந்தது.

செல்விக்குச் சேந்தமங்கலத்தில் ஜவுளிக்கடையில் வேலை கிடைத்து, நீ கடையைக் கொடுத்துவிட்டு அவளோடு இறங்கிப் போனாய். அதற்குப் பிறகு உன்னை இரண்டு முறைதான் பார்த்தேன். பதினைந்து நாள் முன்பு ஒரு காலையில் முதல் பஸ் வந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் செல்வி. தலை கலைந்திருந்தது. ஹாலில் அந்தக் கண்ணாடி போட்ட படத்துக்கு நேர் கீழே வந்து நின்றாள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும்.

"அம்மா நேத்துப் பொழுது சாயறப்ப போயிருச்சுங்க. நீங்க வேற யாரு சொல்லியும் கேக்கக் கூடாதுன்னு மொத பஸ்ஸுல வந்தேனுங்க."

அவள் என்னை உட்கார வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெற்றவளை வீட்டில் கிடத்திவிட்டு வந்தவள், எனக்கு.

"எனக்கு ஏன் கண்ணு இவ்வளவு தூரம்? போன் செய்திருக்கலாமே."

"யாராருக்கு நேர்ல போயிச் சொல்லோணும்னு அம்மா எழுதி வெச்சிருந்துச்சுங்க" என்று இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

என் படிவம். மடிப்பெல்லாம் கிழிந்து, மஞ்சளாகி. பெயர், இனிஷியல், வயது, ஊர், நேரம். அந்த ஐந்து கட்டத்துக்கு அப்பால் விளிம்பில் நீ பேனாவால் கோடு போட்டு ஆறாவதாக ஒரு கட்டம் இழுத்திருந்தாய். கோடு கோணல். மேலே 'சொந்தம்' என்று எழுதியிருந்தாய். நான்கு பெயர். முதலாவது ரங்கா வீடு, தம்பி. அடுத்தது ஒரு சின்னம்மா. நான்காவது முருகேசன், தம்பி என்று போட்டிருந்தாய். மூன்றாவது கமலம், செம்மேடு. அதற்கு நேராக, அக்கா.

கூடப் பிறந்தவர்களுக்குத்தானே நீ நேரில் ஆள் அனுப்புவாய்? வாழ்நாளெல்லாம் என்னை அம்மா என்று கூப்பிட்டுவிட்டு, ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல், இதை எப்போது எழுதி வைத்தாய்? ரங்கசாமி போவதற்கு முன்னாலா, பின்னாலா? செல்வியிடம் கேட்டேன். "தெரியலீங்க பெரியம்மா" என்றாள். பின்னால் என்று இருந்துவிடக் கூடாதே என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் எனக்குத் தாங்காது.

அன்று நான் புடவை மாற்றவில்லை. கட்டியிருந்த புடவையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதே பஸ்ஸில் மலை இறங்கினேன். உன் தலைமாட்டில் ரங்கசாமியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "டிவியில வாசிப்பீங்களே, அந்த அம்மாதானுங்களே?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். என்ன வாசித்தேன் என்று அவளுக்குத் தெரியுமா? நீ சொல்லியிருப்பாயா? சொல்லியிருக்க மாட்டாய். துண்டு கட்டிக்கொண்டவள் அல்லவா நீ.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக நிற்கிறது. வருகிறவர்கள் என்ன என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். போகட்டும்.

நாளை உன் கருமாதி. முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். ரங்கசாமியின் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷன் செத்த சேதியை அவர் அக்காவுக்குச் சொன்ன விதம் இது, சொன்னவள் நான்" என்று சொல்லப் போகிறேன். செல்விக்கும் சொல்வேன். மன்னிப்பார்களா என்று தெரியாது. அது அவர்கள் விஷயம்.

இந்தக் கடிதத்தை முருகேசனிடம் இன்னும் கொடுக்கவில்லை. அவன் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டான். சொந்தக்காரர்கள் அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவர்களுக்கு நேரில் சொன்ன பிறகுதான் ஊருக்கு. இது உன் வழக்கம், ஒருமுறையாவது நான் அதன்படி நடக்கிறேன். இது மலரில் வந்தால் நான் சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொள். வராவிட்டால், அந்த வாசல்வரை போய் வாயைத் திறக்காமல் திரும்பி வந்தேன் என்று எடுத்துக்கொள்.

வரும், பாவாயி. வாரேன்.

உன் அக்கா,
கமலம்,
செம்மேடு.